கேபிளை வெட்டலாமா? புதுத் தொடர்கள், சீரியல், ஓடிடி: உங்கள் வீட்டில் எப்படி?

காவிரிக்கரையான்

வணக்கம் நண்பர்களே. திருவையாற்றில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் புது டிவி வாங்கப் போகிறோம். 43 அங்குலம், ஸ்மார்ட் டிவி. இப்போது இருப்பது அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவியும் கேபிள் செட்டாப் பாக்ஸும்தான். அந்த டிவி இன்னும் ஓடுகிறது என்பதே ஆச்சரியம். தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது.

தம்பி பெங்களூரில் இருக்கிறான். "கேபிளை வெட்டு, சீரியலெல்லாம் ஆப்பிலேயே வருது" என்று ஒரே பிடியாக நிற்கிறான். எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை. அம்மா கயல், மூன்று முடிச்சு, எதிர்நீச்சல் தொடர்கிறது மூன்றையும் விடமாட்டார். அப்பாவுக்குச் செய்தி, பழைய படம், கிரிக்கெட். நானும் மனைவியும் ஊருக்குப் போகும்போது வெப் சீரிஸ் ஏதாவது பார்ப்போம்.

கேபிளே இல்லாமல் யாராவது இருக்கிறீர்களா? எப்படிப் போகிறது? அப்புறம், பெரியவர்களோடு கூடத்தில் உட்கார்ந்து நெளியாமல் பார்க்கிற மாதிரி புதுத் தமிழ்த் தொடர் எது?

திரைக்கதைப் பித்தன்

தம்பி சொல்வதைக் கேளுங்கள். கேபிளுக்குக் கட்டும் காசில் பாதி, யாரும் திரும்பிப் பார்க்காத சேனல்களுக்குப் போகிறது.

சின்னத்திரைக்குத் தமிழில் நல்ல எழுத்து வந்திருக்கிறது என்றால் அது ஓடிடியில்தான். 2022ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: விலங்கு, சுழல், வதந்தி. மூன்றும் போலீஸ் கதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றும் வேறு வேறு மண். விலங்கில் குற்றத்தைவிட அந்தத் திருச்சிப் பக்கத்து ஸ்டேஷனின் அன்றாடம்தான் ருசி. சுழலில் மயானக் கொள்ளைத் திருவிழா நாள் நாளாக நகர, விசாரணையும் கூடவே நகர்கிறது. வதந்தியில் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள், ஆளாளுக்கு அவளைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள், அதில் எது அவள் என்று எஸ்.ஜே.சூர்யா தேடித் தேடிக் குடும்பத்தையே தொலைக்கப் பார்க்கிறார். சீரியலில் இதெல்லாம் நடக்குமா? அங்கே ஒருத்தர் கதவைத் திறந்து உள்ளே வந்தால், வீட்டில் இருக்கும் அத்தனை முகத்தையும் மும்மூன்று முறை காட்டி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

பெரியவர்களோடு பார்க்க என்றால் கண்ணை மூடிக்கொண்டு அயலி. ஜீ5இல் 2023 ஜனவரி 26 அன்று வந்தது, 8 அத்தியாயம். 1990, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வயதுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே மறைத்துவிடுகிறாள். இரண்டாவது அத்தியாயத்துக்குள் உங்கள் அம்மா தன் காலத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார், பாருங்கள்.

மடிப்பாக்கம் வாசி

பித்தன் சார், அந்த மும்மூன்று முகம் காட்டுகிற நேரத்தில் நான் அடுப்படியில் இருப்பேன். திரையை யார் பார்த்தது?

சீரியலைத் திட்டுகிற ஆண்கள் எல்லாரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திட்டுகிறார்கள். அது உட்கார்ந்து பார்க்கச் செய்ததே இல்லை, காதால் பார்க்கிற பொருள். "அண்ணி, நேத்து கோயில்ல உங்க தம்பி என்னைப் பார்த்தும் பேசாமப் போனாரே" என்று ஒருத்தி சொன்னால், யார், யாரிடம், எங்கே, என்ன என்று எல்லாமே அந்த ஒரு வரிக்குள் வந்துவிட்டது. தாளிக்கிற சத்தத்தில் அது காதில் விழாமல் போனாலும் பாதகமில்லை, அண்ணி அதையே தன் புருஷனிடம் இன்னொரு முறை சொல்வாள். வில்லி வருகிறாளா, பாட்டி வருகிறாளா என்பதற்கு இசையே போதும், தலையைத் தூக்க வேண்டாம்.

எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்து, அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தபோது எங்கள் வீட்டில் எல்லாரையும் தடுமாற வைத்தது புது முகம் இல்லை, புதுக் குரல். அந்த அதட்டல் கேட்டால்தான் அந்த வீட்டு நாலு மருமகள்களும் என்ன செய்யப் போகிறார்கள் என்று பார்க்கக் கூடத்துக்கு வருவோம்.

நீங்கள் சொன்ன தொடர்களில் பாதிக் கதை பேசாத இடத்தில் நடக்கிறது. ஒருத்தர் ஒரு புகைப்படத்தைப் பார்ப்பார், காட்சி முடிந்துவிடும். நான் அப்போது குக்கரை இறக்கிக்கொண்டிருப்பேன். அடுத்த அத்தியாயத்தில் யார் எதற்கு அழுகிறார்கள் என்றே புரியாது.

காவிரிக்கரையான், உங்கள் அம்மா சீரியல் நேரத்தில் உட்கார்ந்திருப்பாரா, வேலையாக இருப்பாரா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

திரைக்கதைப் பித்தன்

நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் நோயும் அதுதானே? ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் சொல்ல வைத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும் என்று தெரிந்துவிட்ட எழுத்தாளர் எதற்கு மெனக்கெடப் போகிறார்? வாரத்துக்கு 6 நாள், வருடக்கணக்கில். கதை எப்போதோ தீர்ந்துபோயிருக்கும், வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய ஆன்டெனா

காதுக்கு எழுதுவது சோம்பேறித்தனம் என்றால், இலங்கை வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த எங்களை எல்லாம் என்ன சொல்வீர்கள் தம்பி? காதுக்கு எழுதுவது கஷ்டமான வேலை. அதைத் தினமும் செய்யச் சொன்னால்தான் நீர்த்துப் போகிறது. கோளாறு "தினமும்" என்பதில் இருக்கிறது.

வாரத் தொடர் என்று ஒன்று தமிழில் இருந்தது. கே.பாலச்சந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த மர்மதேசத்தை வாரத்துக்கு ஒரு நாள்தான் போடுவார்கள். மீதி ஆறு நாளும் அலுவலகத்தில் அதே பேச்சு. விடாது கருப்பில் குதிரையில் வருவது யார் என்று எங்கள் பிரிவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து நின்றோம். காத்திருப்பதும் சேர்ந்ததுதான் அந்தத் தொடர். இப்போது 8 அத்தியாயத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். பேரன் ராத்திரியோடு ராத்திரியாகப் பார்த்து முடித்துவிட்டுக் காலையில் "தாத்தா, கொலைகாரன் யார் தெரியுமா" என்கிறான். யாரோடு பேசுவது?

மர்மதேசத்தை இயக்கிய நாகா 2024இல், ஒரே வருடத்தில், ஓடிடிக்கு இரண்டு தொடர் கொடுத்தார்: பிரைமில் தலைவெட்டியான் பாளையம், ஜீ5இல் ஐந்தாம் வேதம். இரண்டாவது அவருடைய பழைய பேட்டை, புராணமும் மர்மமும். கூடத்தில் எல்லாரோடும் பார்க்கலாம் என்றால் முதலாவது. வன்முறை இல்லை, ரிமோட்டைத் தேட வேண்டிய காட்சி இல்லை.

நெல்லைக்காரி

தலைவெட்டியான் பாளையம் பற்றி நான் பேசாவிட்டால் எங்கள் ஊர் என்னை மன்னிக்காது.

சேத்தனும் தேவதர்ஷினியும் நன்றாகச் செய்திருக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் இது இந்தியில் வந்த பஞ்சாயத்து தொடரின் மறு ஆக்கம். அங்கே முதல் பருவத்தில் என்ன நடந்ததோ, கிட்டத்தட்ட அதே வரிசையில் இங்கேயும் நடக்கிறது. சிக்கலே அதில்தான். திருநெல்வேலிப் பக்கம் பஞ்சாயத்து அலுவலகம் என்றால் வேறு நிறம். கிளார்க் யார், தலைவர் யார் வீட்டுப் பெண், நாற்காலியில் யார் உட்காரலாம், தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்பதில் எல்லாம் சாதி உட்கார்ந்திருக்கும். உத்தரப்பிரதேசத்துக் கதையில் அதைத் தொடாமல் நகர்ந்துவிட்டார்கள், சரி. அந்தத் தொடாமையையும் சேர்த்து இங்கே கொண்டுவர வேண்டுமா? மண் மாறும்போது கதையும் கொஞ்சம் மாற வேண்டாமா?

அயலியில் அந்தச் சங்கடம் இல்லை. அந்த ஊரை வேறு எங்கும் தூக்கி வைக்க முடியாது.

இருந்தாலும் உங்கள் அப்பாவுக்குத் தலைவெட்டியான் பாளையம் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். நான் குறை சொல்கிறேன் என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.

காவிரிக்கரையான்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மடிப்பாக்கம் வாசிக்குப் பதில்: அம்மா உட்காரவே மாட்டார். டிவி இருப்பது அடுப்படியை ஒட்டிய ரேழியில். அங்கிருந்து சத்தம் நன்றாகக் கேட்கும், படம் பாதிதான் தெரியும். யாராவது அழுதால் மட்டும் எட்டிப் பார்ப்பார். புது டிவியைக் கூடத்துச் சுவரில் மாட்டத்தான் திட்டம்.

கேபிள் பில் எப்படிக் கணக்காகிறது என்று யாருக்காவது தெரியுமா? கேபிள்காரர் ஒரு தொகை சொல்கிறார், அப்பா கொடுக்கிறார், அவ்வளவுதான்.

செட்டாப் சித்தர்

இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிளுக்குப் பரிந்து பேசுகிறான் என்று நினைத்தாலும் சரி.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது முறை கொண்டுவந்த பிறகு பில்லில் இரண்டு பகுதி. ஒன்று நெட்வொர்க் கட்டணம். இதற்கு 130 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு இருந்தது, 2024இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாவது, கட்டணச் சேனல்களின் விலை. பேக்கில் சேர்க்க வேண்டும் என்றால் ஒரு சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. உங்கள் அப்பாவிடம் ஒரு பெரிய பேக்கைத் தள்ளியிருப்பார்கள், அதில் இந்தி, ஆங்கிலம், குழந்தைகள் சேனல் எல்லாம் கிடக்கும். "எனக்கு இந்தச் சேனல் மட்டும் போதும்" என்று எழுதிக் கொடுத்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். சன், கேடிவி, ஒரு விளையாட்டு சேனல், இலவசச் செய்தி சேனல்கள் என்று வைத்தாலே தொகை நன்றாக இறங்கும்.

இலவசமாகவே வேண்டும் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு முறை வாங்கினால் மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் தமிழுக்கு அதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். டிடி தமிழ் வரும் (பழைய பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயர் மாற்றினார்கள்), அம்மாவின் மூன்று சீரியல் வராது.

இனி ஆப் பக்கம். சன் சீரியல்கள் சன் நெக்ஸ்டில். விஜய் டிவியின் சிறகடிக்க ஆசை, அய்யனார் துணை வகையறா ஜியோஹாட்ஸ்டாரில். ஜீ தமிழ் என்றால் ஜீ5. ஒரு கேபிள் இணைப்பில் வருகிற மூன்று வீட்டுச் சீரியலுக்கு மூன்று ஆப், மூன்று பாஸ்வேர்டு, மூன்று புதுப்பிப்புத் தேதி. இதை உங்கள் தம்பி பெங்களூரிலிருந்து பார்த்துக்கொள்வாரா?

அப்பா கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் இன்னொன்று. இணையம் வழியாக வரும் நேரலை, கேபிளைவிடச் சில நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூடப் பின்தங்கும். வீடியோவைத் துண்டு துண்டாக்கி அனுப்பி, டிவி அதைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். எதிர் வீட்டில் கேபிள் இருந்தால் அவர்கள் கத்தல் முதலில் வரும், உங்கள் வீட்டில் பந்து அப்புறம்தான் போடுவார்கள்.

ஈப்போ வெள்ளைக்காபி

மலேசியாவிலிருந்து ஒரு குரல். இங்கே மழை இருண்டு வந்தாலே டிஷ் படம் உறைந்துவிடும், அம்மா வானத்தைப் பார்த்துச் சீரியலைத் திட்டுவார். அதனால் எங்கள் பக்கத்தில் பலர் இணையத்துக்கு மாறிவிட்டார்கள்.

ஒரு ஆதங்கம். இங்குள்ள தமிழ்ச் சேனல்களான ஆஸ்ட்ரோ வானவில், விண்மீன் இரண்டிலும் உள்ளூரில் எடுத்த தமிழ்த் தொடர்களும் தீபாவளி டெலிமூவிகளும் வருகின்றன. எங்கள் பேச்சு, எங்கள் தோட்டப்புறம், எங்கள் அடுக்குமாடி வீடு. ஆனால் வீட்டில் பெரியவர்கள் கண் சென்னைச் சீரியலில்தான் இருக்கிறது. கோலாலம்பூர் பையன் ஒருவன் நன்றாக நடித்தாலும் "யார் இவன்" என்கிறார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் எங்கள் தொடர் எதையாவது பார்த்திருக்கிறீர்களா?

நெல்லைக்காரி

உண்மையைச் சொன்னால் பார்த்ததில்லை. இங்கே எந்த ஆப்பும் அதை எடுத்துக் காட்டுவதில்லை. கொரியன் தொடர் தமிழ் டப்பிங்கில் முகப்பிலேயே நிற்கிறது, மலேசியத் தமிழ்த் தொடரைத் தேடினாலும் கிடைப்பது அரிது.

பழைய ஆன்டெனா

மழையில் டிஷ் போவதற்கு ஏதாவது வழி உண்டா சித்தரே? எங்கள் மாடியிலும் இதே தொல்லை.

செட்டாப் சித்தர்

வீட்டு டிஷ்கள் பிடிப்பது கேயூ அலைவரிசை. அந்த அலையை மழைத்துளி உறிஞ்சிவிடும், கனமழையில் ஒன்றும் செய்ய முடியாது. லேசான தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் திசை நகர்ந்திருக்கும், அல்லது எல்என்பியில் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் பாகம்) தண்ணீர் இறங்கியிருக்கும். ஆளைக் கூப்பிட்டு சிக்னல் பார்க்கச் சொல்லுங்கள். கேபிள்காரர் பெரிய டிஷ் வைத்து, மழை அதிகம் உறிஞ்சாத சி அலைவரிசையைப் பிடிக்கிறார், அதனால்தான் அங்கே அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

திரைக்கதைப் பித்தன்

எல்லாரும் ஹார்ட் பீட்டை மறந்துவிட்டீர்கள். ஓடிடி என்றாலே 8 அத்தியாயத்தை ஒரே நாளில் கொட்டுவது என்று ஆன்டெனா ஐயா சொன்னதற்கு நேர் எதிர் உதாரணம். ஹாட்ஸ்டாரில் 2024 மார்ச்சில் ஆரம்பித்து, வாராவாரம் சில அத்தியாயம் என்று முதல் பருவமே 100 அத்தியாயம் ஓடியது. ஒரு தனியார் மருத்துவமனை, அங்கே பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள், அவர்களில் ஒருத்தி தன்னைப் பிறந்ததுமே விட்டுப்போன தாயைத் தலைமை மருத்துவர் உருவில் கண்டுபிடிக்கிறாள். அயலியில் அம்மாவாக வந்த அனுமோள்தான் இங்கேயும் அம்மா.

மடிப்பாக்கம் வாசி

பித்தன் சார், நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் பாருங்கள்! விட்டுப்போன தாய், தெரிந்தும் சொல்ல முடியாத மகள், இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே. இது சீரியல் கதையில்லாமல் வேறு என்ன? மாமியாருக்குப் பதில் சீனியர் டாக்டர், அடுப்படிக்குப் பதில் ஐசியூ, நகைக்குப் பதில் கோட்டு. தமிழ் ஓடிடியில் வீட்டுப் பெண்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பிடித்து வைத்தது அதுதான். போலீஸ் தொடர்களை உங்கள் மாதிரி ஆட்கள் புகழ்ந்தீர்கள். ஹார்ட் பீட்டுக்கு என் தங்கையின் ஹாஸ்டலே வியாழன், வெள்ளி என்று நாள் எண்ணிக்கொண்டு இருந்தது.

நானும் அதை வேலை செய்துகொண்டே பார்த்தேன். பார்க்க முடிந்தது. பேசிக்கொண்டே இருப்பார்கள், காதுக்கு வேலை இருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு நோயாளி வந்து போவார், அவர் கதை அங்கேயே முடியும், பெரிய கதை மட்டும் மெதுவாக நகரும். தினச் சீரியல் இதைக் கற்றுக்கொண்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

திரைக்கதைப் பித்தன்

சீரியல் கதைதான், சரி. ஆனால் சீரியல் செய்யாத ஒன்றைச் செய்தார்கள்: யாரையும் முழு வில்லியாக்கவில்லை. அந்தத் தாய் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதில்தான் ஒட்டிக்கொண்டேன். 100 அத்தியாயத்தில் நாற்பதைத் தூக்கியிருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஆன்டெனா

எனக்கு ஒரு தொழில்நுட்பச் சந்தேகம். மகன் பெரிய டிவி வாங்கி மாட்டிவிட்டான். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் புதுத் தொடர்களில் வசனம் ஒன்றும் விளங்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் இசையும் அடிதடியும் காதைக் கிழிக்கிறது, குறைத்தால் பேச்சு முணுமுணுப்பு. சீரியல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்த் தொடரை ஆங்கில சப்டைட்டில் போட்டுப் பார்க்கிற கொடுமை எனக்கு நேர்ந்திருக்கிறது. இன்னொன்று, பழைய படம் எது போட்டாலும் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது. எம்ஜிஆர் நடப்பதே யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி இருக்கிறது.

செட்டாப் சித்தர்

ஐயா, இரண்டும் செட்டிங்கில் சரியாகிவிடும்.

பேச்சு: ஓடிடி தொடர்கள் பல 5.1 ஒலியில், அதாவது ஆறு ஸ்பீக்கருக்கு ஆறு பாதையாக, கலக்கப்பட்டவை. அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு வரும். உங்கள் டிவியில் நடு ஸ்பீக்கர் இல்லை, இருக்கிற இரண்டும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்து இருக்கும், சத்தம் சுவரில் பட்டு வரும். ஆறு பாதையை இரண்டில் அடைக்கும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. சீரியலில் ஆரம்பத்திலிருந்தே பேச்சைத்தான் மேலே வைத்துக் கலப்பார்கள், மடிப்பாக்கத்து அம்மா சொன்ன காரணத்துக்காகத்தான். தொடர் ஓடும்போது ஆடியோ மெனுவைத் திறந்து 5.1க்குப் பதில் சாதாரணத் தமிழ் ஆடியோ இருந்தால் அதை எடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் 'க்ளியர் வாய்ஸ்' அல்லது 'ஸ்பீச்' என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். 'நைட் மோட்' இருந்தால் பெரிய சத்தத்தையும் சின்னச் சத்தத்தையும் பக்கத்தில் கொண்டுவரும். அதற்கும் கேட்கவில்லை என்றால் சின்ன சவுண்ட்பார் ஒன்று, எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையில் செருகினால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டிக் குறைக்கலாம்.

வழவழப்பு: சினிமா நொடிக்கு 24 சட்டகம். டிவி அவற்றுக்கு நடுவே தானாகச் சட்டகங்களை உண்டாக்கி நிரப்புகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் க்ளாரிட்டி என்று பெயர். கிரிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் ஒரே பொத்தானில் முடிந்தது.

பழைய ஆன்டெனா

அணைத்துவிட்டேன். எம்ஜிஆர் மறுபடியும் எம்ஜிஆராக நடக்கிறார். நன்றி.

காவிரிக்கரையான்

எனக்கும் இதே மாதிரி சொல்லுங்கள் சித்தரே. 40 எம்பிபிஎஸ் இணைப்பு எடுக்கச் சொல்கிறார்கள், போதுமா? வீடு பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், அப்புறம்தான் கூடம். மோடத்தை வாசல் அறையில் வைக்கிறேன் என்கிறார்.

செட்டாப் சித்தர்

வேகம் தாராளம். நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி முழு எச்டிக்கு 5, 4கேக்கு 15 எம்பிபிஎஸ். உங்கள் தொல்லை வேகத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது, 2.4 தட்டுத் தடுமாறித் தாண்டும். வாசலில் வைக்க விடாதீர்கள். ஃபைபரைக் கூடம்வரை இழுக்கச் சொல்லுங்கள், மெல்லிய கம்பிதான். அல்லது மோடத்திலிருந்து டிவிக்கு லேன் கம்பி போட்டுவிடுங்கள், அப்புறம் வைஃபையைப் பற்றியே யோசிக்க வேண்டாம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் டிவி ஓடும், மோடம் ஓடாது. அதற்கும் இன்வெர்ட்டர் லைனில் பிளக் கொடுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிட்டு "நெட் போச்சு" என்று எனக்குப் போன் செய்கிறார்கள்.

டிவி எடுக்கும்போது திரையை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே 1 ஜிபி ராம் இருக்கிற மலிவு டிவி கொஞ்ச காலத்தில் ஆப் திறக்கவே திணறும். ஏற்கெனவே அப்படி வாங்கிவிட்டவர்கள் டிவியை மாற்ற வேண்டாம், ஆப்களை ஓட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் செருகினால் போதும்.

மடிப்பாக்கம் வாசி

காவிரிக்கரையான், நான் ஒன்று சொல்லட்டுமா? புது டிவி கூடத்துக்கு, ஆப்பெல்லாம் அதில். பழைய 14 அங்குலமும் கேபிள் பாக்ஸும் ரேழியில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சித்தர் சொன்ன மாதிரி சின்ன பேக்காக மாற்றி. அம்மாவைக் கூடத்துக்கு இழுத்து வந்து உட்கார வைத்தால் ரிமோட் அப்பா கையில் இருக்கும், அடுப்பில் குழம்பு தீயும். பெரிய திரை, தெளிவான படம் எல்லாம் உட்கார நேரம் இருப்பவர்களுக்கு.

திரைக்கதைப் பித்தன்

இதற்கு நான் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அயலியை மட்டும் அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். அன்றைக்கு நீங்கள் சமையுங்கள்.

நெல்லைக்காரி

அதைச் சொன்னீர்களே, அது சரி.

ஆப் சந்தா பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் வருடச் சந்தாவாக எடுக்காதீர்கள். ஒரு மாதம் ஜீ5: அயலி, விலங்கு, ஐந்தாம் வேதம். முடிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த மாதம் இன்னொன்று. தானாகப் புதுப்பிக்கும் ஆட்டோபே மட்டும் போடாதீர்கள், போட்டால் நிறுத்துகிற இடத்தைத் தேடியே மாதம் போய்விடும். பிரைம் எப்படியும் இருக்கிறது என்றால், 2025 ஜூன் 17 முதல் அதிலும் விளம்பரம் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரம் வேண்டாம் என்றால் வருடத்துக்கு 699 ரூபாய் தனியாக, மாதமாக என்றால் 129. விளம்பரம் இல்லாமல் பார்க்கத்தான் டிவியை விட்டு இங்கே வந்தோம், இங்கேயும் இடைவேளை.

பழைய ஆன்டெனா

காசே கொடுக்காமல் ஒன்று: யூடியூப். மர்மதேசத்தைப் பாலச்சந்தரின் கவிதாலயா நிறுவனமே போட்டிருக்கிறது. கோலங்களும் கிடைக்கிறது. ரிமோட்டில் மைக் பொத்தானை அழுத்தித் தமிழிலேயே பேசித் தேடலாம். உங்கள் அப்பாவுக்குப் பழைய படம் வேண்டும் என்றீர்கள், அவருக்கு வேறு எந்த ஆப்பும் தேவைப்படாமல்கூடப் போகலாம்.

காவிரிக்கரையான்

முடிவு: கேபிள் இருக்கிறது, ரேழியில், சின்ன பேக். கூடத்துக்கு 43 அங்குலம், 2 ஜிபி ராம், லேன் கம்பி. முதல் மாதம் ஜீ5. தம்பியிடம் சொன்னேன், "ரெண்டு டிவியா? அப்புறம் எதுக்குப் புதுசு வாங்கினே?" என்று கேட்டான். இந்த இழையின் சுட்டியை அனுப்பிவிட்டேன்.

பிக் பாஸ் வரும்போது என்ன செய்வது என்பதுதான் மிச்சம். மனைவி ஹாட்ஸ்டாரில் 24 மணி நேர நேரலை பார்க்கிற கட்சி. அப்பாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது.

மடிப்பாக்கம் வாசி

அதற்கு ஹெட்போன்தான். இல்லையென்றால் வேறு இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.